கட்டளை தட்டினால் சாளரம் திறப்பது எப்படி, திறக்காமல் போவது ஏன்?

"டிஸ்ப்ளே மாறியை :0 என்று வை, செயலியின் பெயரைத் தட்டு" என்பது லினக்ஸ் உலகில் பல காலமாகச் சுற்றிவரும் குறிப்பு. அது இப்போது பலருக்குப் பிழைச்செய்தியோடு நின்றுவிடுகிறது. ஃபெடோரா 25 (2016) க்னோம் மேசைத்தளத்தை, சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய அமைப்பான எக்ஸ்11-இலிருந்து புதிய அமைப்பான வேலேண்டுக்கு மாற்றியது. உபுண்டு 21.04-இல் அதைப் பின்தொடர்ந்தது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10, க்னோமுக்கான எக்ஸ்11 அமர்வையே நீக்கிவிட்டது. அடித்தளம் மாறிவிட்டது, குறிப்புகள் மாறவில்லை. குழப்பத்துக்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் பழையது. சாளரம் திறக்கவில்லை என்றால் செயலியில்தான் கோளாறு என்று நினைத்து, நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்க்கிறோம். பெரும்பாலான நேரங்களில் செயலி நலமாகவே இருக்கும். அதைத் தொடங்கிய இடத்திலிருந்து அதற்குக் கிடைக்க வேண்டிய ஏதோ ஒன்று கிடைத்திருக்காது. அது எது என்று கண்டுபிடிக்கும் வழி கீழே.

(கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்து வேண்டும். சூழல் மாறிகளுக்கு (செயலிகள் படிக்கும் பெயர்-மதிப்பு அமைப்புகள்; டிஸ்ப்ளே அவற்றில் ஒன்று) பெரிய எழுத்து. மற்றவற்றுக்கு, தனியே சொல்லாதவரை, சிறிய எழுத்து.)

## ஷெல்லுக்கு எல்லாம் ஒன்றே

டெர்மினலில் ஒரு பெயரைத் தட்டியதும், கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரலான ஷெல், 'பாத்' மாறியில் உள்ள ஃபோல்டர்களில் அந்தப் பெயருள்ள கோப்பைத் தேடுகிறது. கிடைத்ததும் தன்னைப் போலவே ஒரு ப்ராசஸை (ஓடும் நிரலை) உருவாக்கி, அதற்குள் அந்தக் கோப்பை ஏற்றி ஓட்டுகிறது. அது கோப்புகளைப் பட்டியலிடும் சிறு கட்டளையா, பெரிய படத்தொகுப்பு மென்பொருளா என்று ஷெல்லுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

புதிய ப்ராசஸ் ஷெல்லிடமிருந்து மூன்றைப் பெறுகிறது:

1. சூழல் மாறிகளின் நகல். திரை எங்கே இருக்கிறது என்ற தகவல் இதில்தான் வரும்.
2. டெர்மினலோடு இணைந்த உள்ளீடு, வெளியீடு, பிழை வெளியீடு ஆகிய மூன்று வாய்க்கால்கள்.
3. அந்த டெர்மினல் அமர்வில் உறுப்பினர் நிலை. டெர்மினல் மூடப்பட்டால் யாருக்குச் செய்தி போகும் என்பதை இது தீர்மானிக்கிறது.

இதற்குப் பிறகு வேலை முழுக்கச் செயலியுடையது. சூழல் மாறிகளைப் படித்து, திரையை ஆளும் ப்ராசஸைத் தேடி, இணைப்பு கேட்டு, அனுமதி கிடைத்தால் சாளரம் வரைகிறது.

## திரையின் முகவரி

எக்ஸ் சாளர அமைப்பு 1984-இல் எம்ஐடியில் பிறந்தது. இன்றும் புழக்கத்தில் உள்ள 11-ஆம் பதிப்பு 1987-இல் வந்தது. இதில் 'சர்வர்' என்பது திரையும் விசைப்பலகையும் உள்ள பக்கம், செயலிதான் கிளையண்ட். தொலைவில் உள்ள கணினியில் செயலி ஓடி, உங்கள் மேசையில் சாளரம் தெரிந்தால், சர்வர் உங்கள் மேசையில் இருப்பது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் ஏராளம்.

டிஸ்ப்ளே மாறியின் வடிவம்: கணினிப்பெயர், முக்காற்புள்ளி, காட்சி எண், புள்ளி, திரை எண். கணினிப்பெயர் இல்லாமல் ':0' என்று மட்டும் இருந்தால் இதே கணினி என்று பொருள். அப்போது செயலி '/டிஎம்பி/.எக்ஸ்11-யூனிக்ஸ்/எக்ஸ்0' (இரண்டு 'எக்ஸ்'-உம் பெரிய எழுத்து) என்ற சாக்கெட் கோப்பை, அதாவது ப்ராசஸ்கள் பேசிக்கொள்ளும் இணைப்புப் புள்ளியை, தேடிப் போகும். கணினிப்பெயர் இருந்தால் 6000-உடன் காட்சி எண்ணைக் கூட்டி வரும் டிசிபி போர்ட்டுக்குப் போகும்.

வேலேண்டில் முகவரி இரண்டு மாறிகளில் பிரிந்து கிடக்கிறது. 'வேலேண்ட்_டிஸ்ப்ளே' மாறியில் சாக்கெட்டின் பெயர், பெரும்பாலும் 'வேலேண்ட்-0'. 'எக்ஸ்டிஜி_ரன்டைம்_டிர்' மாறியில் அது இருக்கும் ஃபோல்டர், எடுத்துக்காட்டாக '/ரன்/யூசர்/1000'. அந்த 1000 என்பது பயனர் எண். 'ஐடி -யு' என்று தட்டினால் உங்களுடையது தெரியும். ஃபோல்டர் மாறி விடுபட்டால் வேலேண்டை மட்டுமே அறிந்த செயலிக்குப் பொதுவாகத் திரை கிடைக்காது; பெயர் மாறி விடுபட்டால் 'வேலேண்ட்-0' என்றே எடுத்துக்கொள்ளும், சாக்கெட்டின் பெயர் வேறாக இருந்தால் திரை கிடைக்காது.

வேலேண்ட் அமர்விலும் 'எக்கோ $டிஸ்ப்ளே' என்று கேட்டால் ':0' என்று வருகிறதே என்று சந்தேகம் எழும். பழைய எக்ஸ் செயலிகளுக்காக எக்ஸ்வேலேண்ட் என்ற இடைத்தளம் உள்ளே ஓடுகிறது. அதன் முகவரி அது. நீங்கள் எந்த அமர்வில் இருக்கிறீர்கள் என்று அறிய 'எக்ஸ்டிஜி_செஷன்_டைப்' மாறியைப் பார்க்க வேண்டும்.

## முகவரி தெரிந்தால் போதாது, சாவியும் வேண்டும்

எக்ஸ் சர்வருடன் இணைந்துவிட்ட செயலி மற்ற சாளரங்களைப் படம் பிடிக்கலாம், நீங்கள் தட்டும் விசைகளைக் கேட்கலாம். ஆகவே இணைய வருபவரிடம் சர்வர் அடையாளம் கேட்கிறது. வழக்கமான அடையாளம் 'மேஜிக் குக்கி' எனப்படும் 128 பிட் எண். அது உங்கள் ஹோம் ஃபோல்டரில் '.எக்ஸ்அதாரிட்டி' (எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து) என்ற மறைகோப்பில் இருக்கும், அல்லது 'எக்ஸ்அதாரிட்டி' என்ற சூழல் மாறி காட்டும் கோப்பில் இருக்கும்.

பழைய குறிப்புகள் சறுக்கும் இடம் இதுதான். க்னோமின் வேலேண்ட் அமர்வில் இந்தக் கோப்பு ஹோம் ஃபோல்டரில் இருப்பதில்லை. '/ரன்/யூசர்/1000' ஃபோல்டருக்குள் '.மட்டர்-எக்ஸ்வேலேண்ட்ஆத்' என்று தொடங்கி, அமர்வுக்கு அமர்வு மாறும் வால் கொண்ட பெயரில் இருக்கும். '~/.எக்ஸ்அதாரிட்டி' என்று ஸ்கிரிப்டில் கல்வெட்டாகப் பொறித்து வைத்திருந்தால் அது இல்லாத கோப்பைத் தேடும். திரைக்கு முன்னால் திறந்த டெர்மினலில் 'எக்கோ $எக்ஸ்அதாரிட்டி' கேட்டு, வரும் பாதையையே பயன்படுத்த வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு 'எக்ஸ்ஹோஸ்ட் +' என்ற கட்டளையை மருந்தாகச் சொல்பவர்கள் உண்டு. அது அடையாளச் சோதனையையே அணைத்துவிடுகிறது. சர்வரை எட்ட முடிந்த யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். ஒரே கணினியில் இன்னொரு பயனருக்கு மட்டும் வழிவிட 'எக்ஸ்ஹோஸ்ட் +எஸ்ஐ:லோக்கல்யூசர்:பெயர்' போதும். வேலை முடிந்ததும் கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் குறி போட்டு அதையே திரும்பத் தட்டினால் வழி அடைபடும்.

## பிழைச்செய்தி எதைச் சொல்கிறது?

பத்து வரி கொட்டினாலும் முதல் ஒன்றிரண்டு வரிகளே முக்கியம். மற்றவை பெரும்பாலும் அதன் விளைவுகள்.

1. 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்', வெளியேறு எண் (கட்டளை முடிந்ததும் 'எக்கோ $?' காட்டும் எண்) 127: பெயர் 'பாத்'தில் இல்லை. எண் 126 என்றால் கோப்பு இருக்கிறது, இயக்க அனுமதி இல்லை.
2. 'கேனாட் ஓப்பன் டிஸ்ப்ளே': செய்தியின் இறுதியில் முகவரி காலியாக இருந்தால் மாறி அமைக்கப்படவில்லை. ':0' போன்ற மதிப்பு இருந்தால், முகவரி போனது, அங்கே சர்வர் இல்லை அல்லது உள்ளே விடவில்லை.
3. 'நோ புரோட்டோகால் ஸ்பெசிஃபைடு', அல்லது 'ஆத்தரைசேஷன் ரெக்வயர்டு' என்று தொடங்கும் வரி: முகவரி சரி, குக்கி இல்லை அல்லது பொருந்தவில்லை.
4. க்யூட்டி (பல செயலிகள் சாளரம் வரையப் பயன்படுத்தும் நூலகத் தொகுப்பு) 'எக்ஸ்சிபி' பிளகினை ஏற்ற முடியவில்லை: இது இரட்டை முகம் கொண்டது. முகவரி தவறானாலும் இதே செய்தி வரும், ஒரு நூலகம் விடுபட்டாலும் வரும். 'க்யூட்டி_டீபக்_பிளகின்ஸ்=1' என்று முன்னால் போட்டு ஓட்டினால் எந்த நூலகம் என்று பெயர் சொல்லிவிடும். க்யூட்டி 6.5 முதல் 'லிப்எக்ஸ்சிபி-கர்சர்0' தேவை. பல கணினிகளில் விடுபட்டிருப்பது அதுவே.
5. வெளியேறு எண் 139: செயலி நினைவகப் பிழையில் விழுந்தது (128 + 11). இது மட்டும் உண்மையிலேயே செயலியின் அல்லது அதன் நூலகத்தின் கோளாறு.

ஐயமிருந்தால் 'எக்ஸ்க்ளாக்' போன்ற மிகச் சிறிய எக்ஸ் செயலியை ஓட்டிப் பாருங்கள். கடிகாரம் தெரிந்தால் முகவரியும் சாவியும் சரி. பார்வையைச் செயலி பக்கம் திருப்பலாம்.

இன்னொன்று: செயலி நன்றாகத் திறந்த பிறகும் 'ஜிடிகே-வார்னிங்' என்று வரிசையாக வந்துகொண்டிருக்கும். அவை அதை எழுதியவர்களுக்கான குறிப்புகள். மெனுவிலிருந்து திறக்கும்போதும் அவை வரும், உங்கள் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

## டெர்மினலை மூடினால் செயலியும் ஏன் மூடுகிறது?

பெயரை மட்டும் தட்டினால், சாளரத்தை மூடும்வரை டெர்மினல் அடுத்த கட்டளையை ஏற்காது. அவசரத்தில் கன்ட்ரோல்+இசட் அழுத்துபவர்களுக்கு டெர்மினல் திரும்பக் கிடைக்கும், ஆனால் சாளரம் உறைந்துவிடும். சற்று நேரத்தில் 'பதில் இல்லை' என்ற எச்சரிக்கையும் வரும். செயலி கெட்டுவிடவில்லை, இடைநிறுத்தப்பட்டிருக்கிறது. 'பிஜி' என்று தட்டினால் பின்னணியில் உயிர்பெறும்.

பெயருக்குப் பின் '&' போட்டால் தொடக்கத்திலிருந்தே பின்னணியில் ஓடும். ஆனால் இது டெர்மினலிலிருந்து முழு விடுதலை இல்லை. டெர்மினல் சாளரத்தின் பெருக்கல் குறியை அழுத்தினால், ஷெல்லுக்கு 'ஹேங்கப்' (இணைப்பு அறுந்தது) என்ற சிக்னல் வருகிறது, ஷெல் அதைத் தன் வேலைகள் அனைத்துக்கும் அனுப்புகிறது, செயலி மூடுகிறது. அதே பாஷ் ஷெல்லில் 'எக்ஸிட்' என்று தட்டி வெளியேறினால், இயல்பு அமைப்பில் அந்தச் சிக்னல் பின்னணி வேலைகளுக்குப் போவதில்லை, செயலி பிழைத்துக்கொள்கிறது. 'சில நேரம் மூடுகிறது, சில நேரம் மூடுவதில்லை' என்ற புகாருக்குப் பின்னால் இருப்பது இந்த வேறுபாடுதான். இசட்-ஷெல்லில் 'எக்ஸிட்' செய்தாலும் சிக்னல் போகும்.

பிரித்துவிட மூன்று வழிகள்:

1. டிஸ்ஓன்: ஏற்கெனவே '&' போட்டு ஓட்டியதை ஷெல்லின் வேலைப் பட்டியலிலிருந்து நீக்கும்.
2. நோஹப்: சிக்னலைப் புறக்கணிக்கச் சொல்லித் தொடங்கும். வெளியீட்டைத் திருப்பிவிடாவிட்டால் 'நோஹப்.அவுட்' என்ற கோப்பு நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் வளரத் தொடங்கும்.
3. செட்சிட்: புதிய அமர்வில் தொடங்கும், டெர்மினலோடு உறவே இருக்காது. மூன்றில் சுத்தமானது இதுவே:

செட்சிட் -எஃப் செயலி >/டெவ்/நல் 2>&1

கடைசிப் பகுதி வெளியீட்டையும் பிழை வெளியீட்டையும் வெற்றிடத்துக்கு அனுப்புகிறது. கோளாறு தேடும்போது இதைச் சேர்க்காதீர்கள்; தேடும் தடயமே அங்கேதான் போய் மறையும்.

## கட்டளை உடனே முடிந்துவிடும் செயலிகள்

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. ஃபயர்பாக்ஸ் ஏற்கெனவே திறந்திருக்கும்போது 'ஃபயர்பாக்ஸ் முகவரி' என்று தட்டினால் கட்டளை நொடியில் முடிந்துவிடும், பக்கம் பழைய சாளரத்தில் திறக்கும். புதிய ப்ராசஸ், ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு விலகிவிடுகிறது. க்னோம் செயலிகள் பலவும் விஎஸ் கோடும் இப்படித்தான்.

இதனால் வரும் விளைவுகள் இரண்டு. முதலாவது, நீங்கள் முன்னால் போட்ட சூழல் மாறிகள் வீணாகும். 'லாங்=டிஏ_ஐஎன்.யுடிஎஃப்-8 ஜிஎடிட்' ('ஐஎன்', 'யுடிஎஃப்' பெரிய எழுத்து; ஜிஎடிட் ஓர் உரைத்திருத்தி) என்று தட்டினாலும், ஜிஎடிட் ஏற்கெனவே ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருந்தால் ஆங்கிலச் சாளரமே வரும். மாறியைப் பெற்ற ப்ராசஸ் சாளரத்தை வரையவில்லை. முழுதாக மூடிவிட்டுத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, காத்திருக்க வேண்டிய நிரல் காத்திருக்காது. நிரல் மாற்றங்களைக் குறிப்போடு பதிந்துவைக்கும் கருவியான கிட்டில் எடிட்டராக விஎஸ் கோடை வெறுமனே 'கோட்' என்று அமைத்தால், நீங்கள் ஒரு வரி எழுதும் முன்பே 'செய்தி காலி' என்று கிட் கைவிட்டுவிடும். 'கோட் --வெய்ட்' என்று அமைப்பதே தீர்வு.

## மெனுவில் இருக்கிறது, டெர்மினலில் இல்லை

மெனுவில் தெரியும் பெயரும் கட்டளையின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மெனு உருப்படிகள் பலவற்றுக்கு '/யுஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்' ஃபோல்டரில் '.டெஸ்க்டாப்' என முடியும் உரைக்கோப்பு உண்டு. அதில் 'எக்ஸெக்=' (முதல் எழுத்து பெரியது) என்று தொடங்கும் வரிதான் உண்மையான கட்டளை. அந்த வரியில் வரும் '%யு', '%எஃப்' போன்றவை கோப்புப் பெயருக்கான இடப்பிடிப்புகள், நகலெடுக்கும்போது விட்டுவிடவும். அதைவிட எளிது, கோப்பின் பெயரையே 'ஜிடிகே-லான்ச்' கட்டளையிடம் கொடுப்பது. குறிப்பிட்ட செயலி முக்கியமில்லை, கோப்பு திறந்தால் போதும் என்றால் 'எக்ஸ்டிஜி-ஓப்பன் அறிக்கை.பிடிஎஃப்'.

ஃப்ளாட்பேக் என்ற பொதி முறையில் நிறுவிய செயலிகளுக்கு 'ஃப்ளாட்பேக் ரன்' என்று தட்டி முழு அடையாளப் பெயரைத் தர வேண்டும். பெயர்கள் 'ஃப்ளாட்பேக் லிஸ்ட் --ஆப்' என்பதில் கிடைக்கும். ஃப்ளாட்பேக், அதைப் போன்ற இன்னொரு பொதி முறையான ஸ்னாப் இரண்டிலும் செயலிகள் வேலிக்குள் ஓடுகின்றன. கட்டுப்பாடுள்ள ஸ்னாப் செயலிக்கு '/டிஎம்பி'யில் நீங்கள் வைத்த கோப்பும், ஹோமில் புள்ளியோடு தொடங்கும் ஃபோல்டர்களும் தெரியாது. கோப்பு கண்ணெதிரே இருக்க, 'கோப்பு இல்லை' என்று அது சொல்வது இதனால்தான்.

## சூடோ, எஸ்எஸ்எச், கிரான்

சூடோ (நிர்வாகப் பயனரான ரூட்டின் உரிமையில் கட்டளை ஓட்டுவது). டிஸ்ப்ளே, எக்ஸ்அதாரிட்டி மாறிகளைச் சூடோ பொதுவாக விட்டுவைக்கும். வேலேண்டுக்கான மாறிகளைக் கழித்துவிடும். ஆகவே சில செயலிகள் எக்ஸ்வேலேண்ட் வழியாகத் திறக்கும், சில திறக்காது. திறந்தாலும் நல்லதல்ல. ஹோம் ஃபோல்டரில் அமைப்புக் கோப்புகள் ரூட்டின் பெயரில் உருவானால், பிறகு சாதாரணமாகத் திறக்கும்போது அதே செயலியால் எழுத முடியாது. '.எக்ஸ்அதாரிட்டி' கோப்பே ரூட் வசம் போய்விட்டால், கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்நுழைவுத் திரை திரும்பத் திரும்ப வரும். அமைப்புக் கோப்பைத் திருத்துவதே நோக்கம் என்றால் 'சூடோஎடிட்' போதும். எடிட்டர் உங்கள் உரிமையில் ஓடும், சேமிப்பு மட்டும் ரூட் உரிமையில் நடக்கும்.

எஸ்எஸ்எச் (வேறு கணினியில் தொலைவிலிருந்து கட்டளை ஓட்டுவது). தொலைக்கணினியின் செயலி உங்கள் திரையில் தெரிய வேண்டுமா, அந்தக் கணினியின் திரையிலேயே திறக்க வேண்டுமா என்று முதலில் தீர்மானியுங்கள். உங்கள் திரையில் என்றால் 'எஸ்எஸ்எச் -எக்ஸ்' (எக்ஸ் பெரிய எழுத்து). இதற்கு அங்குள்ள 'எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்' கோப்பில் 'எக்ஸ்11ஃபார்வர்டிங் எஸ்' இருக்க வேண்டும், 'எக்ஸ்ஆத்' கருவியும் அங்கே நிறுவப்பட்டிருக்க வேண்டும். எல்லாம் சரியானால் அங்கே டிஸ்ப்ளே மாறி 'லோக்கல்ஹோஸ்ட்:10.0' என்று தானாக அமையும். அதைக் கையால் ':0' என்று மாற்றுவது பரவலான தவறு. சுரங்கவழியை நீங்களே துண்டிக்கிறீர்கள். '-எக்ஸ்' முறையில் இயல்பாக 20 நிமிடத்துக்குப் பின் புதிய சாளர இணைப்புகள் மறுக்கப்படும். '-ஒய்' முறைக்கு அந்த வரம்பு இல்லை, தொலைக்கணினியை முழுமையாக நம்புகிறீர்கள் என்று பொருள். டெபியனிலும் உபுண்டுவிலும் இயல்பு அமைப்பில் இரண்டும் ஒன்றாகவே நடக்கும். வேலேண்ட் செயலிகளுக்கு இரு பக்கமும் 'வேபைப்' வேண்டும்.

அந்தக் கணினியின் திரையிலேயே என்றால், அங்கே அதே பயனர் மேசைத்தளத்தில் உள்நுழைந்திருக்கும்போது 'சிஸ்டம்டி-ரன் --யூசர் செயலி' மிக வசதி. மேசைத்தளம் தொடங்கும்போதே பயனருக்கான சிஸ்டம்டியிடம் (சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்) திரை முகவரிகளைக் கொடுத்துவிடுகிறது. நீங்கள் எந்த மாறியையும் தேட வேண்டாம். பிழைச்செய்திகள் 'ஜர்னல்சிடிஎல் --யூசர்' பதிவில் இருக்கும்.

கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் நிரல்). கையால் ஓட்டினால் ஓடும் ஸ்கிரிப்ட் கிரானில் ஓடாது. அங்கே டிஸ்ப்ளே இல்லை, 'பாத்' மிகக் குறுகியது, செயலிகள் தமக்குள் செய்தி பரிமாறும் டி-பஸ்ஸின் முகவரியும் இல்லை. 'நோட்டிஃபை-செண்ட்' அறிவிப்பு காட்ட 'டிபஸ்_செஷன்_பஸ்_அட்ரஸ்' மாறியை 'யூனிக்ஸ்:பாத்=/ரன்/யூசர்/1000/பஸ்' என்று அமைத்தாலே போதும். சாளரமே திறக்க வேண்டுமென்றால் கிரானை விட்டு சிஸ்டம்டியின் பயனர் டைமருக்கு மாறுவது மேல்.

## மேக், விண்டோஸ்

மேக்கில் 'ஓப்பன் -ஏ சஃபாரி' போதும். செயலி மூடும்வரை ஷெல் காத்திருக்க '-டபிள்யூ' (பெரிய எழுத்து). '--ஆர்க்ஸ்' என்பதற்குப் பின் தரும் தெரிவுகள், செயலி ஏற்கெனவே திறந்திருந்தால் போய்ச் சேராது; '-என்' சேர்த்துப் புதிதாகத் திறக்க வேண்டும்.

விண்டோஸில் ஒவ்வொரு இயங்குகோப்பின் தலைப்பகுதியிலும் அது வரைகலை வகையா, கன்சோல் வகையா என்று குறிக்கப்பட்டிருக்கும். வரைகலை வகையென்றால் கட்டளைச் சாளரம் காத்திருக்காது, அச்சிடும் செய்திகளும் அங்கே தெரியாது. காத்திருக்க வைக்க 'ஸ்டார்ட் /வெய்ட்'. பாதையை மேற்கோளுக்குள் கொடுக்கும்போது ஒரு பொறி உண்டு: 'ஸ்டார்ட்' முதல் மேற்கோளைச் சாளரத் தலைப்பாக எடுத்துக்கொண்டு, எதையும் இயக்காமல் காலியான கட்டளைச் சாளரம் ஒன்றைத் திறக்கும். ஆகவே முதலில் காலி மேற்கோள், பிறகு பாதை: ஸ்டார்ட் "" "பாதை".

## திரையே இல்லாத கணினியில்

சர்வரில் நூறு ஆவணங்களைப் பிடிஎஃப் ஆக்க வேண்டும், படங்களை ரெண்டர் செய்ய வேண்டும் என்றால் சாளரமே தேவையில்லை. முதலில் செயலிக்குத் தனித் திரையில்லா முறை இருக்கிறதா என்று பாருங்கள். இன்க்ஸ்கேப் 1.0 முதல் '--எக்ஸ்போர்ட்-ஃபைல்நேம்' உண்டு. பிளெண்டரில்:

பிளெண்டர் -பி காட்சி.பிளெண்ட் -ஓ //படம்_ -எஃப் 1

பிளெண்டர் தெரிவுகளை இடமிருந்து வலமாக, வந்த வரிசையில் நிறைவேற்றும். '-எஃப்' முன்னால் வந்தால் படம் பழைய இடத்தில் சேமிக்கப்பட்ட பிறகே '-ஓ' படிக்கப்படும்.

அப்படி ஒரு முறை இல்லாத செயலிக்கு, நினைவகத்துக்குள்ளேயே வரையும் போலித் திரை உண்டு:

எக்ஸ்விஎஃப்பி-ரன் -ஏ -எஸ் "-ஸ்க்ரீன் 0 1920எக்ஸ்1080எக்ஸ்24" செயலி

'-ஏ' காலியாக உள்ள காட்சி எண்ணைத் தேடிக்கொள்ளும். அது இல்லாவிட்டால் எப்போதும் 99-ஐயே பிடிக்கும். ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் வந்தால் இரண்டாவது விழும். இந்தத் திரையில் சாளர மேலாளர் கிடையாது. முழுத்திரையாக்கு, முன்னால் கொண்டுவா போன்ற கோரிக்கைகளை நம்பியிருக்கும் செயலிகள் இங்கே விசித்திரமாக நடந்துகொள்ளும்.

லிப்ரே ஆஃபிஸ் தனிக் கவனம் கேட்கும்:

எஸ்ஆஃபிஸ் --ஹெட்லெஸ் --கன்வர்ட்-டு பிடிஎஃப் --அவுட்டிர் முடிவு *.டாக்எக்ஸ்

மேசையில் லிப்ரே ஆஃபிஸ் திறந்திருக்கும்போது இதை ஓட்டினால், இரண்டும் ஒரே பயனர் அமைப்பைப் பங்கிடுவதால், எதையும் மாற்றாமல் சத்தமின்றி முடிந்துவிடக்கூடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் '-என்வ்:யூசர்இன்ஸ்டலேஷன்=ஃபைல்:///டிஎம்பி/எல்ஓ1' என்று தனி அமைப்பு ஃபோல்டர் கொடுத்தால் மோதல் இல்லை ('யூசர்', 'இன்ஸ்டலேஷன்' இரண்டின் முதல் எழுத்தும் பெரியது). வெளியேறு எண் 0 என்று வந்தாலும் நம்பிவிடாமல், முடிவு ஃபோல்டரில் பிடிஎஃப் உருவாகியிருக்கிறதா என்று ஸ்கிரிப்டே சரிபார்த்துவிட்டு அடுத்த ஆவணத்துக்குப் போக வேண்டும்.